மணி அடித்தால் சிரிக்க வேண்டும்

ஊத்துக்குளி மோரைப் போல மோர் வேறெங்கும் கிடையாது, இன்ஸ்பெக்டர் சார். என் உத்தியோகமே அந்த மோரில் பிறந்ததுதான்.

எங்கள் முதலாளி சுப்பண்ணன் அப்போது திருப்பூருக்கு வெளியே சாயப்பட்டறை மட்டும்தான் வைத்திருந்தார். பக்கத்து ஊர்க் கிணறுகளில் ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் ஊதாவாகவும் தண்ணீர் ஊறியது. ஜனங்கள் கொதித்துப்போய் மறியலுக்குக் கிளம்பினார்கள். நான் வெறும் டெஸ்பாட்ச் கிளார்க்.

"ரோட்டோரம் ஒரு மோர்ப் பந்தல் போட்டுருலாமுங்க" என்றேன்.

"பட்டறைக்கும் மோருக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"ஒண்ணுமில்லீங்க. அதனாலதானுங்க."

கேன் கேனாக மோர் வந்தது. மறியலுக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று குடித்தார்கள். கிணற்றுத் தண்ணீரைத்தான் வாயில் வைக்க முடியாதே. மறுநாள் பேப்பரில் 'தாகம் தீர்த்த தொழிலதிபர்' என்று படத்தோடு செய்தி. அடுத்த மாரியம்மன் நோம்பிக்கு அதே ஜனங்கள் அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். எனக்கு பி.ஆர்.ஓ. என்று விசிட்டிங் கார்டு வந்தது. மேல்நாட்டில் இதைப் பெரிய படிப்புப் படித்தவர்கள் ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்களாம். எங்களுக்கு உப்பும் கறிவேப்பிலையும் போதுமாக இருந்தது.

பிறகு முதலாளி பனியன் எக்ஸ்போர்ட்டில் இறங்கினார். 2005 வாக்கில் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் துணியைவிட அதிகமாக எங்கள் கம்பெனியை நோட்டம் விட ஆரம்பித்தார்கள். தீ விபத்துப் பயிற்சி நடக்கிறதா என்று கேட்டார்கள். முதல் தடவை நிஜமாகவே நடத்திப் பார்த்தோம். பெண்கள் செருப்பை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. போட்டோவில் தீப்பிடித்த கம்பெனி மாதிரியே இருந்தது.

ஆகவே நான் அதைத் திருத்தினேன். மணி அடித்தால் மெஷினை நிறுத்தி, முகத்தைத் துடைத்து, மஞ்சள் தொப்பி போட்டு, அவசர வழிக் கதவுக்கு முன்னால் நிற்க வேண்டும். குள்ளமானவர்கள் முன்வரிசை. எல்லாரும் சிரிக்க வேண்டும். வரிசையைக் கலைத்தால் அன்றோடு வேலை கிடையாது. கதவுக்குப் புதுப் பெயிண்ட்கூட அடித்தோம். அதற்கு அந்தப் பக்கம் அட்டைப்பெட்டிகள் முட்டுக்கொடுத்து அடுக்கியிருந்ததால் திறக்க வராது. போட்டோவில் அது தெரியாது.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த வேல்விழி என்ற டெய்லர், முன்வரிசைக்காரி, ஒரு தடவை கேட்டாள். "சார், நெசமாவே தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்?"

"அது புடிக்கறப்பப் பாத்துக்கலாங் கண்ணு. இப்பச் சிரி" என்றேன். சிரித்தாள். அந்தப் படம்தான் இந்த வருடம் எங்கள் காலண்டரில் இருக்கிறது. இனி அதை உபயோகிக்க முடியாது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

போன திங்கட்கிழமை பையர்கள் வந்திருந்தார்கள். முன்வாசல் பந்தலில் மாலை போட்டு, இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். வாட்ச்மேன் மூக்கையா என் காதில் வந்து சொன்னான்: வேஸ்ட் குடோனில் தீ, தையல் ஹாலுக்குள் புகை நுழைந்துவிட்டது, பெண்கள் எழுந்து ஓடுகிறார்கள். ஓடினால் நேரே முன்வாசலுக்குத்தான் வருவார்கள், செருப்பில்லாமல், கத்திக்கொண்டு.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். 'உயிரைத் துச்சமென மதித்து மணியடித்து எச்சரித்த அதிகாரி.' அந்தச் செய்தியை எழுதிக் கொடுத்ததும் நான்தான். நன்றாகவே வந்திருந்தது. அன்று காலையில்தான் வேலைக்குச் சேர்ந்த விஜயராணி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

"எல்லா அக்காமாரும் ஓடிட்டுதான் இருந்தாங்க சார். மணி அடிச்சதும் நின்னு, திரும்பிப் போயிட்டாங்க." இதுதானே அவள் உங்களிடம் சொன்னது? அவளுக்கு எங்கள் பயிற்சி கிடையாது. அதனால் நிற்காமல் முன்வாசலில் வந்து விழுந்தாள். பேச முடியாமல் இருமிக்கொண்டிருந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று பையர்களிடம் சொல்லி வேனில் ஏற்றி அனுப்பினேன். மற்றவர்களைத் தீயணைப்புக்காரர்கள் அந்த அவசர வழிக் கதவுக்கு முன்னால் தொப்பியோடு கண்டெடுத்தார்கள். வேல்விழி முன்வரிசையில்.

ஆமாம் சார். அவர்களை நிறுத்தத்தான் மணி அடித்தேன். பையர்கள் வண்டி ஏறும் வரைக்கும் நின்றால் போதும், பிறகு நானே போய் வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். என்னைக் கொலைகாரன் என்று எழுதாதீர்கள். எனக்கு அந்த எண்ணமே கிடையாது. மணிச் சத்தம் என்ன என்று பையர்களில் ஒருவர் கேட்டார். பயிற்சி என்றேன். இவ்வளவு ஒழுங்கான கம்பெனியை இந்தியாவில் பார்த்ததே இல்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே இருந்தார்.

நான் போகத் தாமதமானதற்கு அதுதான் காரணம். பாராட்டிக்கொண்டிருப்பவரின் கையை எப்படி சார் உதறுவது?