முப்பத்தஞ்சை யாரும் மதிக்கிறதில்ல

...அதான் தம்பி, இருபத்தாறு வருஷமா இந்த ஊர்ல ஒரே பேச்சைத்தான் பேசறேன், ஒருத்தர் காது குடுத்ததில்ல. இந்த வருஷம் குடுத்தாங்க. குடுத்ததோட பலன், இந்தத் துப்பாக்கிக் கடை திறக்கறதுக்கு முன்னாடியே குளிர்ல பல்லு கிடுகிடுக்க உங்க பின்னாடி நிக்கறேன்.

நீங்கதானே அந்த லெவெக் வீட்டை வாங்கினவரு? பாஸ்டன்லேந்து வந்தவரு? நான் எதுத்த வீடு, பச்சைக் கூரை. ஜெர்மேன். அன்னைக்கு கையை ஆட்டினேன், நீங்க பாக்கல. பரவால்ல.

கையில என்ன சீட்டு? காமிங்க... அடப்பாவமே. இவ்வளவு பெரிய தோட்டா போடற துப்பாக்கியா? யாரு எழுதிக் குடுத்தது? கூட வேலை பாக்கறவரா. அவரு எங்க வேட்டைக்குப் போவாரு? மேற்க, மலைப் பக்கமா. அங்க சரி. அங்க இந்த மலையில நின்னு அந்த மலையில இருக்கிறதைச் சுடணும். இங்க மெய்ன் மாநிலத்துக் காட்டுல அம்பது கெஜத்துக்கு அந்தாண்ட மானைப் பாத்தவன் யாருன்னு கேளுங்க. ஊசியிலை மரமும் புதருமா மண்டிக் கிடக்கு, மூக்குக்கு முன்னாடி வந்து நின்னாத்தான் மான்னே தெரியும்.

இதுக்குன்னே பொறந்த தோட்டா முப்பத்தஞ்சு ரெமிங்டன். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. பாக்கறதுக்கு ஒண்ணும் லட்சணமில்ல. குட்டை, குண்டு, மொண்ணை மூக்கு. வேகமும் கிடையாது. அதான் எல்லாரும் சிரிக்கறது, 'ஜெர்மேன், உன் குண்டு போய்ச் சேர்றதுக்குள்ள மானு கிழடாயிடும்'னு. ஆனா கனம் இருக்கு தம்பி. நிதானமா போய் அழுத்தமா உக்காரும். இறைச்சியைச் சிதறடிக்காது. முக்கியமா, சுடறவனைத் திருப்பி உதைக்காது.

உதைன்ன உடனே என் கொழுந்தன் நார்பெர்ட்டைச் சொல்லணும். எங்க வீட்டுக்காரருக்குத் தம்பி. இடது புருவத்துக்கு மேல பிறை மாதிரி ஒரு தழும்பு பாத்திருப்பீங்களே? பாக்கலையா? பாப்பீங்க. அவனும் இப்படித்தான், உங்க சீட்டுல இருக்கிற மாதிரி ஒண்ணை வாங்கினான். முதல் வேட்டுக்கே மேல இருக்கிற, குறி பாக்கற கண்ணாடிக் குழாய் பின்னாடி வந்து நெத்தியைக் கிழிச்சிருச்சு. அதுக்கப்புறம் நாலு வருஷம் ஒரு மான் கிடையாது. காத்து தப்பு, குழாய் கோணல், மான் நகந்துருச்சு... தினம் ஒரு காரணம். சும்மா விளையாட்டா இருந்தா நானும் சிரிச்சுட்டுப் போயிருப்பேன். இந்த வருஷம் மரமில்லுல அவனை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. மூணு பிள்ளைங்க. குளிர்காலத்துக்கு இறைச்சிப் பெட்டி காலி.

இதை நான் யாருக்கும் சொல்லல. உங்களுக்கு மட்டும் சொல்றேன். உங்களுக்கும் என் தங்கச்சிக்கும்... பாதிரியாருக்கும். அவ்வளவுதான்.

சுட்டுப் பாக்கலாம்னு அவனை ஜல்லிக் குழிக்குக் கூட்டிட்டுப் போனேன். 'கொண்டா நான் போட்டுத் தரேன்'னு அவன் துப்பாக்கியை வாங்கி, தோட்டா போடற மாதிரி போட்டுக்காட்டி, காலியாவே கையில குடுத்தேன். அவன் குறி பாத்தான், விசையை அழுத்தினான். 'டிக்'குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனா அவன் உடம்பு... தூக்கிப் போட்டுச்சு தம்பி. கண்ணை இறுக்க மூடிட்டான், குழல் முனை தரையைப் பாத்து இறங்கிருச்சு. ஆறடி ஆளு, வெறும் துப்பாக்கிக்கு அப்படி நடுங்கறான்.

எனக்குச் சிரிப்பு வரல. அவனும் என்னைத் திரும்பிப் பாக்கல. 'எவ்வளவு நாளா இப்படின்னு எனக்கே தெரியல, அண்ணி'ன்னான்.

நான் ஒரு பேச்சும் பேசல. நம்பமாட்டீங்க, நெஜமாவே பேசல. என் முப்பத்தஞ்சுத் துப்பாக்கியை எடுத்துக் குடுத்தேன். முதல் வேட்டு கண்ணை மூடிட்டு, ரெண்டாவதும் அப்படியே. ஆறாவதோ ஏழாவதோ கண்ணைத் திறந்து வெச்சுச் சுட்டான். தகர டப்பா பறந்துச்சு. 'இவ்வளவுதானா?'ன்னு கேட்டான். 'இவ்வளவுதான்டா'ன்னேன். துப்பாக்கியையும் மிச்சமிருந்த தோட்டாவையும் அவன்கிட்டயே குடுத்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சமையக்கட்டுல நிக்கறேன், உள்ள வந்தான். துணியில சுத்தின ஈரலைத் தொட்டியில வெச்சான், கையைக் கழுவினான், உக்காந்தான். எங்க ஊரு ப்ளாய் அடை ஏழு தின்னான், வெண்ணெயைத் தடவித் தடவி. எட்டாவதைப் போடப் போறேன், அப்பத்தான் சொல்றான்: 'நாப்பது தப்படி தூரத்துல மான் நின்னுச்சு அண்ணி. எட்டுக் கிளைக் கொம்பு. கண்ணைத் திறந்துதான் இருந்தேன்.' எட்டாவதை எடுத்து அவன் தட்டுல போட்டேன்.

இதோட விட்டிருக்கலாம். விட்டேனா? மறுநாள் தேவாலயத்துல அவரைக்கொட்டை விருந்து. நூத்தியிருபது பேரு. அவனோட பயத்தைப் பத்தி மூச்சு விடல. ஆனா முப்பத்தஞ்சோட பெருமையைச் சொல்லாம இருக்க முடியுமா? கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டே முக்கா மணி நேரம் பேசினேன். என் ஆயுசுல முதல் தடவையா ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல. பின்னாடி வரிசையில இருந்தவங்க நாற்காலியை இழுத்துட்டு முன்னாடி வந்தாங்க. நார்பெர்ட்டு வேற எழுந்து நின்னு, 'அண்ணி சொல்றது அத்தனையும் நெஜம்'ங்கறான்.

திங்கக்கிழமை இந்தப் பள்ளத்தாக்குல ஒரு கடையிலயும் முப்பத்தஞ்சு ரெமிங்டன் தோட்டா கிடையாது. அவனவன் பரண்ல கிடந்த பெரியப்பா துப்பாக்கியையெல்லாம் தூசி தட்டி எடுத்துட்டான். நார்பெர்ட்டு என் துப்பாக்கியைப் பளபளன்னு துடைச்சுத் திருப்பிக் குடுத்தான், எனக்குப் போடறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. நாளையோட சீசன் முடியுது. யாரைக் குத்தம் சொல்ல? இந்த வாயைத்தான் சொல்லணும்.

நேத்து இந்தக் கடைக்கார க்ளோவிஸ் போன் பண்ணினான், எங்கேயோ ஒரே ஒரு பெட்டி தோட்டா கிடைச்சிருக்காம். முதல்ல வர்றவங்களுக்குத்தான், எடுத்தெல்லாம் வெக்கமாட்டேன்னுட்டான்... ஆ, விளக்கு போட்டுட்டான். போங்க தம்பி, நீங்கதான் முதல்ல. அந்தச் சீட்டைக் கசக்கிப் போடுங்க, அந்தப் பீரங்கியை மட்டும் வாங்கிடாதீங்க.

க்ளோவிஸ், காலை வணக்கம். இவரு நம்ம எதுத்த வீடு... என்ன கேக்கறாரு? சுவர்ல தொங்கற அந்தப் பழசையா? அது முப்பத்தஞ்சாச்சே. நல்ல துப்பாக்கிதான் தம்பி, கட்டையில ஒரு கீறல், மத்தபடி... தோட்டாவும் வேணுமா? அந்தப் பெட்டியா?

...

ம். எடுத்துக்கோங்க. நான்தானே சொன்னேன். எடுத்துக்கோங்க.

என்ன தம்பி? பாதி எனக்கா? பத்துத் தோட்டாவா? நெஜமாவா? நீங்க நல்லா இருக்கணும். என்ன... நாளைக்கு நானும் வந்து காட்டைக் காட்டணுமா? இதென்ன கேள்வி, விடியறதுக்கு முன்னாடி வாசல்ல நிக்கறேன். சுடச்சுட காப்பி கொண்டாரேன், தேவதாரு ஓடைப் பக்கம் போனா எங்க உக்காரணும், எங்க பாக்கணும், எல்லாத்தையும் வரிசையா... என்னது? ஒரு நிபந்தனையா?

காட்டுக்குள்ள வாயைத் திறக்கக் கூடாதா?

நாள் பூராவா?

...

சரி.