வெயில் வராத கூடம்

கூடத்தின் நடுவில் ஒரே ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, சுவிட்சைப் போட்டதும் வெளிச்சம் வந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். அது கிடங்குக்குச் சரி. மனிதர்கள் உட்காருகிற இடத்தில் வெளிச்சம் மூலைகளிலிருந்து வர வேண்டும். பல்பு கண்ணில் படவே கூடாது. நீங்கள் என்னை உட்கார வைத்திருக்கும் இந்த அறையையே எடுத்துக்கொள்ளுங்கள் மேடம். இந்த ட்யூப்லைட்டின் கீழே எந்தத் தப்பும் செய்யாதவன்கூடத் திருட்டு முழி முழிப்பான். குறையாகச் சொல்லவில்லை, தொழில் புத்தி.

என் கணவர் இறந்த மறுநாளே நாத்தனார் உங்களிடம் வந்திருக்கிறாள். வீட்டை அலங்காரம் பண்ணியே என் அண்ணனைக் கொன்றுவிட்டாள் என்று புகார் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு நீங்களே சிரித்துவிட்டதாக வெளியே நிற்கும் காவலர் சொன்னார். சிரிப்பு வரத்தான் செய்யும். விளக்கு மாட்டினாள், திரை தைத்தாள் என்று யாரையும் நீங்கள் இதுவரை பிடித்துக்கொண்டு வந்திருக்க மாட்டீர்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் கூடத்திலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

திரைச்சீலையும் சோபாத் துணியும் விற்கிற கடையில் எனக்கு வேலை. நிறம் பொருத்துவது என் பொறுப்பு. கடைக்குள் நன்றாக இருந்த துணி வீட்டுக்குப் போனதும் வேறு மாதிரி தெரிகிறது என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அதனால் நான் எதையும் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். வெள்ளையிலேயே பத்துப் பன்னிரண்டு வகை உண்டு. மற்றவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். எனக்குத் தள்ளி நின்றே தெரிந்துவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவையாகச் சாயம் ஏற்றிய துணி ஒன்றோடொன்று நிறம் சேராமல் போனால், எங்கள் முதலாளி அதைக் கடையின் பின்மூலைக்கு அனுப்பிவிடுவார். அங்கே மஞ்சள் பல்பு எரியும். அந்த வெளிச்சத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. எல்லாம் விற்றுப் போகும். இதெல்லாம் கடையில் சேர்ந்த புதிதில் நான் கற்றுக்கொண்டது.

என் கணவர் தொலைதூர பஸ் ஓட்டினார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனிதர். ஒரு ராத்திரி வீட்டில் இருந்தால் நான்கு ராத்திரி ரோட்டில். வருவார், குளிப்பார், நின்றபடியே சாப்பிடுவார், தூங்குவார், கிளம்பிவிடுவார். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். மற்றவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்பார்கள். நானும் தலையாட்டுவேன். அவர் கெட்டவர் இல்லை மேடம். வீட்டில் இல்லை, அவ்வளவுதான். குழந்தையும் இல்லை. நான் சோபாவில் உட்கார்ந்து யாரும் இல்லாத நாற்காலியைப் பார்த்துக்கொண்டே டீ குடித்த சாயங்காலங்களைச் சேர்த்தால் ஒரு ஆயுசு வரும்.

போன மாதம் ஒருநாள் காலையில் வந்தவர் உள்ளே வரவில்லை. பையை இறக்கிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. ரெண்டு நாள் லீவு சொல்லிடவா?” என்று கேட்டார்.

அவர் லீவு என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். “சொல்லிடுங்க” என்றேன்.

அன்று சாயங்காலம் சோபாவில் சாய்ந்துகொண்டு டீ கேட்டார். நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். “நம்ம வீடு இவ்வளவு அமைதியா இருக்குமா? எனக்குத் தெரியவே தெரியாதே” என்றார். பிறகு கடையில் என்னோடு யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டார். இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறார். நான் ஒவ்வொருவராகச் சொன்னேன். முதலாளி மாதிரி பேசிக் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை நான் ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாளே கடையில் லீவு சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன். ஒரு மனிதர் உட்கார வேண்டுமென்றால் அவரை உட்கார வைக்கிற மாதிரி இடம் வேண்டும். சோபாவின் இரு பக்கமும் இரண்டு மேஜை விளக்குகள், துணிக் கூடு போட்டவை. மூலையில் ஆளுயர விளக்கு ஒன்று. அலமாரிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று. எல்லாவற்றிலும் தேன் நிறத்தில் எரிகிற பல்பு. சுவருக்குச் சந்தன நிறம் அடித்தேன். தலையணை உறை, சோபா விரிப்பு எல்லாம் வெள்ளையாக இருந்தன. எடுத்துவிட்டுக் கடுகு நிறத்தில் போட்டேன். பக்கத்தில் வெள்ளை இருந்தால் எந்த நிறமும் மாட்டிக்கொள்ளும்.

மின்வேலைக்கு வந்தவர் கொஞ்சம் தயங்கினார். “ட்யூப்லைட்ட ஃபிட்டிங்கோட கழட்டணுமா? ஒரு அவசரத்துக்கு இருக்கட்டுமேக்கா.”

“வேண்டாங்க. அது எரிஞ்சா கூடமே செத்துப்போகும்.”

“அப்ப பாத்ரூம் பல்பும் இதே மாதிரியா? அங்க எதுக்கு?”

“வீடு முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பணக்கார ஆசை என்று நினைத்திருப்பார்.

ஜன்னலுக்கு அடர்த்தியான துணி எடுத்து, உள்துணி கொடுத்து, ஓரத்தில்கூடப் பகல் கசியாதபடி தைத்துச் சுவரோடு ஒட்டி மாட்டினேன். வெயில் கண்ணைக் குத்துகிறது என்று அவரே இரண்டு தடவை சொல்லியிருந்தார். அவர் சவரம் செய்கிற கண்ணாடி ஜன்னலோரத்தில் இருந்தது. அதைக் கழற்றி ஆளுயர விளக்கின் பக்கத்தில் மாட்டினேன். வீடு கச்சிதமாக அமைந்துவிட்டது. மத்தியானமா ராத்திரியா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. அவர் காலை நீட்டிக்கொண்டு, “எந்திரிக்கவே மனசு வரல” என்றார். இரண்டு நாள் லீவு ஒரு வாரமானது. வாரம் இன்னும் நீண்டது.

உடம்பு அரிக்கிறது என்றார். பவுடர் போட்டுத் தடவிவிட்டேன். சிறுநீர் பால் விடாத கட்டங்காப்பி மாதிரி போகிறது என்றார். இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிய சூடு, தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும் என்றேன். சாப்பாடு பிடிக்கவில்லை என்றபோது ஸ்பூனால் ஊட்டினேன். அவர் வெட்கப்பட்டார். “கம்பெனி டாக்டர்கிட்ட ஒரு எட்டுப் போயிட்டு வந்துடட்டுமா?” என்று ஒருநாள் கேட்டார். “நான் போன்ல பேசிட்டேன். சூடுதானாம். நல்லா ஓய்வு எடுத்தா போதும்னுட்டார்” என்றேன். நம்பினார். நான் அவரிடம் அதுவரை பொய் சொன்னதில்லை, அதனால் நம்பினார்.

டிப்போவிலிருந்து மேலாளர் போன் செய்தார். ஆள் எப்படி இருக்கிறார், டாக்டரை வீட்டுக்கே அனுப்பட்டுமா என்று கேட்டார். நல்ல மனிதர். தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறேன் என்றேன். இதுவும் பொய்தான். மூன்றாவது பொய்யை நாத்தனாரிடம் சொன்னேன். அத்தோடு முடிந்தது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

நாத்தனார் பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளர். எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்காமல் போக மாட்டாள். ஒரு சாயங்காலம் வந்தாள். “என்ன அண்ணி, வீடு ஓட்டல் மாதிரி ஜொலிக்குது” என்று சிரித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தாள். அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் அவளை விளக்குக்கு எதிர்ப்பக்கமாக உட்கார வைத்திருந்தேன். அவர் முகம் நிழலில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சமையலறைக்கு என் பின்னாலேயே வந்துவிட்டாள்.

“ட்யூப்லைட் எங்க அண்ணி?”

“உங்க அண்ணனுக்குக் கண் கூசுது.”

“ஆளு பாதியாயிட்ட மாதிரி இருக்கே. டாக்டர்ட்ட காட்டுனீங்களா?”

“கம்பெனி டாக்டர் வந்து பாத்துட்டுப் போனார். பயப்பட ஒண்ணும் இல்லன்னார்.”

அவள் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். “எனக்கென்னவோ மனசே சரியில்ல” என்றாள். நான் அவளுக்கு பிஸ்கட் எடுத்து வைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கட்டில் அதிர்கிற மாதிரி நடுக்கம். கனமான போர்வை வாங்கி வந்தேன். விளக்கை இன்னும் கொஞ்சம் தணித்தேன். ராத்திரி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். “நீ எங்கயும் போயிடாத” என்றார். என்னைப் பார்த்து அவர் அப்படிச் சொல்கிறார் மேடம். போவதும் வருவதும் யாருடைய வேலையாக இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ராத்திரியைப் போல நிம்மதியாக நான் இருந்ததில்லை.

நாத்தனார் சும்மா இருக்கவில்லை. டிப்போவுக்கு போன் போட்டிருக்கிறாள். மேலாளர், உங்கள் வீட்டில்தானே இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார். மறுநிமிடம் கிளம்பிவிட்டாள் போலிருக்கிறது. வேலைக்குப் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. உச்சிப்பொழுது. கதவைத் திறந்ததும் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நேராக ஜன்னலுக்குப் போய்த் திரையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கம்பியோடு பெயர்ந்து வந்துவிட்டது.

கூடம் முழுக்க வெயில் விழுந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாத்தனார் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் கையைத் தூக்கித் தன் கோட்டின் மேல் வைத்தாள். “அண்ணா, உன் கையைப் பாரு” என்றாள். அவர் பார்த்தார். வெள்ளைக் கோட்டின் மேல் மஞ்சள் பூசியது மாதிரி ஒரு கை. விரலை மடக்கி விரித்துப் பார்த்தார். இது யாருடைய கை என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். கண்ணில் வெள்ளையே இல்லை.

“உனக்கா தெரியாது?” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். வெள்ளையைத் தள்ளி நின்றே தரம் பிரிக்கிறவள் என்று நண்பர்களிடம் என்னைப் பற்றிப் பெருமை பேசியவர் அவர்தான். அவரிடம் என்ன சொல்ல முடியும்?

ஆஸ்பத்திரியில் சொன்னதை நீங்கள் படித்திருப்பீர்கள். பித்தம் இறங்குகிற வழியில் சின்னக் கல் அடைத்திருக்கிறது. சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டது. அங்கே பார்த்த பெண் டாக்டர் கோபமாகத்தான் பேசினார். முதல் வாரமே கூட்டி வந்திருந்தால் கல்லை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம், இந்நேரம் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார் என்றார்.

அதற்குத்தான் நானும் பயந்தேன்.

எப்போது தெரியும் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். வாசற்படியில் அண்ணாந்து பார்த்தாரே, அப்போதே. கண்ணின் வெள்ளை யானைத் தந்த நிறத்துக்கு மாறியிருந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. முதல் பல்பு வாங்குவதற்கு முன்பே தெரியும். காமாலை என்றும் தெரியும், சும்மா விட்டால் ஆளைக் கொண்டுபோய்விடும் என்றும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். அவர் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அவர் என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தார்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் எனக்கும் ஒரு புகார் இருக்கிறது, அதையும் நீங்கள் பதிந்துகொள்ள வேண்டும். அந்தக் கூடத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகப் போயிருப்பார். ஆஸ்பத்திரியில் கடைசி வரைக்கும் என் கையைத் தொடவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். நாத்தனார் மட்டும் அந்தத் திரையைத் தொடாமல் இருந்திருந்தால் எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் வந்திருக்காது.