ஐஸ் பெட்டிக்குள் ஒரு மேப்பிள்

— கொட்டிப்போடாதீங்க ஜெயரூபன், பொறுங்க. முதல்ல பெட்டியில கிடக்கிற பழைய தண்ணி வடியட்டும்.

— வடியட்டும் வதனி, வடியட்டும். ஐஸ் உருகி என்ட சாரமெல்லாம் நனைஞ்சு ஒழுகுது. சாக்க எங்க வைக்க?

— இஞ்ச, கிணத்தடிக் கல்லில வைங்க. அதில வெயில் படாது.

— மறுகா, இண்டைக்கு ஐஸ் கொம்பனியில என்னக் கண்ட உடன ஹலீம் என்ன சொன்னவன் தெரியுமா? "சுறாவுக்கு நாலு கட்டி, பாரைக்கு ரெண்டு கட்டி, வதனி டீச்சர்ர மரத்துக்கு ஒரு கட்டி" எண்டு பெருஞ்சத்தமாச் சொல்றான். நிண்ட ஆக்கள் எல்லாருக்கும் சிரிப்பு.

— சிரிக்கட்டும். கல்லடி முழுக்க எனக்கு இப்ப அதுதானே பேர். மரத்துக்கு ஐஸ் வைக்கிற விசரி. முன்பள்ளிக்கு வாற பிள்ளையளும் கேக்குதுகள், "டீச்சர், உங்கட மரம் மீன் திங்குமா" எண்டு.

— நான் ஒருநாளும் விசரி எண்டு சொல்லல்ல.

— நீங்க சொல்லல்ல. நீங்க வாதுமை மரத்தச் சொல்லிச் சொல்லியே என்ட உயிர எடுத்த ஆள்.

— மெய்தானே? கடற்கரையில நிக்கிற வாதுமை வருசத்தில ரெண்டு தரம் செக்கச்செவேலெண்டு சிவந்து கொட்டுது. அதுக்கு ஆர் ஐஸ் வைக்கிறா? உப்புக்காத்தக் குடிச்சிட்டுத் தன்டபாட்டில வளருது.

— அது இந்த ஊர்ப் பிள்ளை, அதுக்கு எல்லாம் பழக்கம். இது குளிர் நாட்டுப் பிள்ளை. குளிருக்க இலையக் கொட்டிட்டு நித்திரை கொள்ளணும். நித்திரை இல்லாட்டி மறு வருசம் ஒழுங்காத் துளிர்க்காது. கேளுங்களன், போன வருசம் நித்திரை இல்லாம நிண்டுதானே இலை விளிம்பெல்லாம் கருகிப் போச்சு. நீங்களும் கண்டீங்க.

— கண்டன். சட்டியில தேங்காய்ப்பூ கருகின மாதிரி.

— அப்பதானே நீங்க கேட்டீங்க, மீன் கெடாம இருக்கிற குளிருக்க மரம் நித்திரை கொள்ளாதா எண்டு.

— நான் பகிடிக்குக் கேட்டன் வதனி! மறுநாள் விடிய நீங்க படலையில வந்து நிண்டு, "அண்ணன், மீன் போடுற, குளிர் காக்கிற பழைய றெஜிபோம் பெட்டி ரெண்டு கிடைக்குமா" எண்டு கேப்பீங்க எண்டு நான் கனவா கண்டன்?

— மரத்தச் சட்டியோட இறக்கப் பெட்டி கேட்டது நான். பெட்டிக்க நிரப்ப உமி வேணும் எண்டு வவுணதீவு ஆலைக்குப் போய் மூட்டை கட்டிக் கொண்டு வந்தது ஆரு? மார்கழி பிடிச்சு ஒருநாள் தவறாம ஐஸ் கொண்டு வாறதும் பகிடிக்கோ?

— அது... பழகிட்டு. மறுகா, ஒண்டு கேக்கணும். இப்ப நீங்க அண்ணன் எண்டு சொல்றதில்ல.

— ம்?

— முந்தி வாய்க்கு வாய் அண்ணன், அண்ணன். இப்ப வெறும் ஜெயரூபன். எப்ப விட்டீங்க எண்டு யோசிச்சுப் பாத்தன், பிடிபடல்ல.

— நாக்குத் தவறியிருக்கும். தண்ணி வடிஞ்சிட்டா எண்டு பாருங்க.

— இன்னும் சொட்டுது. சொட்டி முடியிறதுக்குள்ள இன்னொண்டும் கேட்டுடுறன். இவ்வளவு நாளா ஐஸ் சுமக்கிறன், இந்த மரம் உங்களுக்கு எப்பிடி வந்த எண்டு நான் கேட்டதேயில்ல. உங்கட மனிசன் துசாந்தன் அனுப்பினதா?

— அவர் அனுப்பல்ல. அவருக்கே தெரியாம அவரோட வந்தது. கலியாணத்துக்கு வந்தவர்தானே, அப்ப ஒரு தடிச்ச ஜக்கெட் போட்டு வந்தவர். கட்டுநாயக்காவில இறங்கக்குள்ளயே கழட்டினவர், மறுகா இஞ்ச தொடவேயில்ல. நான் தோய்ப்பம் எண்டு பொக்கெட்டுக்க கைய விட்டன். தும்பிச் செட்டை மாதிரி ஒரு பிடி. என்ன இது எண்டு கேட்டன். "மொன்றியலில எங்கட வீட்டு வாசல்ல நிக்கிற மேப்பிள், அதிட விதையாக்கும், எறி" எண்டார்.

— நீங்க எறியல்ல.

— புதுப் பொம்பிளை எதையாவது எறிவாளா? ஈரமண்ணில புதைச்சு பிறிஜ்ஜுக்க வச்சன். மாமி தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில மண் டப்பாவக் கண்டுட்டு வீடு அதிரக் கத்தினவ. ஒரு பிடி விதையில இது ஒண்டுதான் கண் முழிச்சது.

— கலியாணத்துக்கு வந்து எத்தின நாள் நிண்டவர்?

— ரெண்டு கிழமை. இப்ப ஆறு வருசம். ரெண்டு தரம் விசாவ மறுத்திட்டாங்க. ஒருதரம் சொன்னாங்க, கலியாணப் படத்தில ரெண்டு பேரும் தள்ளித்தள்ளி நிக்கிறீங்களாம், புருசன் பொஞ்சாதி மாதிரி இல்லையாம். வெக்கத்தில தள்ளி நிண்டது, ஜெயரூபன். அதுக்கும் தண்டனை.

— அநியாயம்.

— ஐப்பசி வந்தா வீடியோவில வாசல் மரத்தக் காட்டுவார். எப்பிடிச் சொல்ற... அடுப்புக் கனல ஊதினா எரியுமே, அந்த நிறம். அந்த இலையெல்லாம் காத்துக்குக் கழண்டு அவர்ர தலையில விழும். "கொஞ்சம் அங்கால தள்ளுங்களன், மரத்தப் பாக்கணும்" எண்டு கேப்பன். சிரிப்பார். "நீயே வந்து அடியில நிண்டு பாரன்" எண்டுவார். அந்த ஒரு சொல்லப் பிடிச்சுக்கொண்டு நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். பள்ளியில பிள்ளையள் மரம் கீறிக் காட்டச் சொன்னா, பச்சைச் சோக் இருக்க என்ட கை சிவப்பத்தான் எடுக்கும்.

— இப்பவும் காட்டுறவரா?

— இப்ப அந்த வீட்டில இல்ல. மாடி வீடு. ஜன்னலால பாத்தா கார் நிப்பாட்டுற இடந்தான் தெரியும். அந்த மரம் என்ன ஆச்செண்டு கேட்டன். தெரியாதாம். அவரப் பிழை சொல்லேலாது. பேக்கரியில ராவேலை. விடிய வந்து போனப் பிடிச்சபடியே நித்திரையாப் போயிடுவார். நான் இஞ்ச இருந்து அவர் மூச்சு விடுறதக் கேட்டுக்கொண்டிருப்பன். அந்த மூச்சுச் சத்தத்தோட மட்டும் குடும்பம் நடத்தின காலமும் இருக்கு.

— பாவம் மனிசன்.

— பாவந்தான். நல்ல மனிசன். போன கார்த்திகையில ஒரே ஒரு இலை பாதி சிவந்ததே, ஞாபகமா? முதல் முதல்ல. உடன படம் எடுத்து அவருக்கு அனுப்பினன். ஒரு பெருவிரல் படம் வந்தது. அவ்வளவுதான்.

— வேலைக் களைப்பா இருக்கும்.

— இருக்கும். அண்டைக்கு நீங்களும் வந்தீங்க. மீன்கையோட தொடப்படாது எண்டு திரும்பிப் போய், சவுக்காரம் போட்டுக் கழுவி, மோந்து பாத்து, மறுகாவும் கழுவிட்டு வந்துதான் அந்த இலையத் தொட்டீங்க.

— உப்புப் பட்டா கருகிடும் எண்டு பயந்தன்.

— தெரியும். அதத்தான் சொல்றன்.

— ஆர் புள்ள கிணத்தடியில? கதைச்சுக் கேக்குது.

— மாமி, ஜெயரூபன். ஐஸ் கொண்டு வந்திருக்கார்.

— வா மனே, வா. இவள் உன்னயும் விசரனாக்கிப்போட்டாள். மீனுக்கு ஐஸ் போடுறவனக் கண்டிருக்கன், மரத்துக்குப் போடுறவன உன்னத்தான் கண்டன். நில்லு, தேத்தண்ணி ஊத்துறன்.

— வேணாம் பெரியம்மா, வாடிக் கொட்டிலுக்க மீன் கிடக்கு.

— மீன் எங்கயும் நடந்து போகாது, நில்லு. வதனி, என்ட புள்ள நேத்து கோல் எடுத்தவனா?

— எடுத்தவர் மாமி. உங்களப் பிரஷர்க் குளுசை மறக்காமப் போடட்டாம்.

— குளுசைதான் ஒரு கதை. என்னோட கதைக்கக்குள்ள ஒரு மாதிரியா இருக்கான் புள்ள. "அம்மா சாப்பிட்டியா" எண்டு கேப்பான், மறுகா ஊமையா நிப்பான். முந்தி அப்பிடியா? தலைகீழா நிண்டு கதைப்பானே. என்னவும் வருத்தத்த மறைக்கிறானா?

— வருத்தம் ஒண்டுமில்ல மாமி. வேலை கூட.

— விசாக்காரர் என்ன சொல்றாங்களாம்? உன்னக் கொண்டுபோய் அவனிட்ட விட்டாத்தான் எனக்குக் கண் மூடும். நீ போனா நான் தனிச்சுப் போவன், அது வேற. அதுக்காக உன்ன என்ட சீலைத்தலைப்பில முடிஞ்சு வச்சிருக்க ஏலுமா?

— அப்பிடிக் கதைக்காதீங்க மாமி.

— பின்ன எப்பிடிக் கதைக்க? மனே ஜெயரூபன், நீயாவது காலத்தோட ஒரு நல்லது செய். உன்ட அக்கா தெய்வமணியக் கோயில்ல கண்டன். சித்தாண்டியில பேசுற இடம் சோக்கான இடமாம். பொம்பிளை அடக்கமாம், வீடு வளவு இருக்காம், வட்டையில வயலும் இருக்காம். இந்த வெள்ளிக்கு நீ மறுமொழி சொல்லணுமாமே?

— பாப்பம் பெரியம்மா.

— என்னத்தப் பாக்கிற? தங்கச்சிமாரக் கரை சேர்த்து, அம்மாவப் பாத்து, காலம் போயிட்டு உனக்கு. ஓம் எண்டு சொல்லு மனே. ஐயோ, அடுப்பில பால்! பொங்கிட்டுப் போல...

— சித்தாண்டிக் கதைய எனக்குச் சொல்லல்லயே.

— சொல்ல என்ன கிடக்கு வதனி. அக்காட ஆசை.

— உங்கட ஆசை?

— மறுகா, அவங்க நல்ல சனம். குறை சொல்ல ஒண்டுமில்ல.

— நான் அதக் கேக்கல்ல. கலியாணம் முடிஞ்சா அங்கதான் இருப்பீங்களா?

— எங்கட ஆக்கள்ள மாப்பிள்ளைதானே பொம்பிளை வீட்டுக்குப் போற, நீங்க மாமிக்குத் துணையா இஞ்ச நிக்கிறது வேற கதை. வயலப் பாத்துக்கொண்டு இருக்கலாம். அங்க ஐஸ் ஆருக்குத் தேவை? நீங்க யோசிக்காதீங்க. ஹலீமிட்டச் சொல்லி வச்சிருக்கன். விடியக்காலம் அவன் கொண்டு வந்து தருவான். உமியோட எப்பிடி அடுக்குற, தண்டில படாம எப்பிடி வைக்கிற, எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கன்.

— எல்லாம் ஒழுங்கு பண்ணி முடிச்சிட்டீங்க.

— மரம் சாகப்படாதே வதனி. நான் போனாலும் அது நிக்கணும்.

— தண்ணி வடிஞ்சிட்டு. மூடியில அந்தப் பக்கத்தப் பிடிங்க.

— பிடிச்சிட்டன். மெதுவா. ஊ, இப்பவும் குளிர் அடிக்குது உள்ளுக்க.

— ஜெயரூபன்.

— என்ன?

— இஞ்ச, நுனியில பாருங்க.

— எங்க? எனக்கு வெறுங் கம்புதான் தெரியுது.

— குனிஞ்சு பாருங்களன். இந்தக் கவட்டில ஒண்டு. மேல ரெண்டு. அந்தா, அடியிலயும் ஒண்டு!

— அட! இறால் கண் மாதிரியெல்லோ நிக்குது!

— சத்தம் போடாதீங்க.

— சிவப்பா வதனி?

— சிவப்புத்தான். ஒண்டு வெடிச்சு, உள்ளுக்க இலை மடிஞ்சு கிடக்கு. பிறந்த பிள்ளைட கை பொத்தினபடி இருக்குமே, அப்பிடி.

— உயிரோட இருந்திருக்கு. இவ்வளவு நாளும் செத்த கம்புக்கு ஐஸ் போடுறனோ எண்டு எனக்கு உள்ளுக்க ஒரு பயம். உங்களிட்டச் சொல்லல்ல.

— எனக்கும் பயந்தான். நானும் சொல்லல்ல.

— மூடிய இறுக்கிப் பிடிச்சபடியே நிக்கிறீங்க.

— கை விறைச்சிட்டு, ஐஸ் குளிர்.

— நீங்க இன்னும் ஐஸத் தொடவேயில்ல.

— இனி வெளிய எடுக்கணும். பெட்டிக்க இருட்டில கிடந்தா இலை வெளிறிப் போயிடும். அந்த வேம்புக்குக் கீழ வைப்பம், காலைவெயில் மட்டும் பட.

— தாங்க, சட்டிய நான் தூக்கிறன். அப்ப... ஐஸ்?

— முழிச்சிட்டுத்தானே. இனி அடுத்த மார்கழி வரைக்கும் தேவையில்ல.

— ஓம். மெய்தான். தேவையில்ல.

— இண்டைக்குக் கொண்டு வந்தத மீனுக்கே கொண்டு போங்க, வீணாப் போகும்.

— போகட்டும், கிணத்தடியில உருகட்டும். வதனி, நான் இனி இந்தப் பக்கம் வர ஒரு காரணமும் இல்ல. அதால ஒண்டு சொல்லிட்டுப் போறன், குறை நினைக்காதீங்க. மார்கழி வாடைக்காத்தில ஐஸ் மூட்டையோட பாலத்தால வரக்குள்ள கை விறைச்சு சைக்கிள் ஹான்டிலப் பிடிக்க ஏலாது. ஒருநாளும் அலுக்கல்ல எனக்கு. விடிய எழும்பினா முதல் நினைப்பு இந்தப் பெட்டிதான். அது ஏன் எண்டு நான் என்னையே கேக்கல்ல. கேட்டா மறுமொழி வந்திடும் எண்டு பயம்.

— மறுமொழி வந்திட்டா?

— வந்து என்ன செய்ய? அது வரப்படாத மறுமொழி.

— சித்தாண்டிக்கு என்ன சொல்லப் போறீங்க?

— ஓம் எண்டுதான். வேற என்ன சொல்ல? உங்களுக்கு இண்டைக்கோ நாளைக்கோ விசா வரும், பிளேன் ஏறிடுவீங்க. அதுக்குப் பிறகு இந்தப் படலையக் கடந்து மீன் வாடிக்குப் போக என்னால ஏலாது வதனி. அதுக்கு முதல் நான் ஊர விட்டுப் போயிடணும்.

— விசா தையிலயே வந்திட்டு, ஜெயரூபன். நான் வரல்ல எண்டு துசாந்தனுக்கு அழுது சொல்லியும் முடிச்சிட்டன், மாமிட்டச் சொல்லத்தான் வாய் வருதில்ல.