கீழே நிற்கிறவன்

ரஜாய்ப் போர்வையை நன்றாக இழுத்து மூடிக்கொள்ளுங்கள். காலை மட்டும் கரிச்சட்டிப் பக்கம் நீட்டாதீர்கள். அப்புறம் பேய் சுட்டுவிட்டது என்று என் மேல் பழி போடுவீர்கள். இது என் தோழன் நாதிரின் தாய்மாமன் ஹாஜி தாஹிர் வீட்டில் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

சாயங்காலம் நாலரை மணி. ஈரான் நாட்டு ஹமதானில் ஒரு பழைய சந்து... இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இலையுதிர் காலத்து ஆபான் மாதம் பாதிகூட முடியவில்லை, அக்ரூட் மரங்களில் இலை அப்படியே இருந்தது. அந்த இலைகள் மேல் முந்தின நாள் காலையிலிருந்து பனி... நிற்காமல். கிளைகள் ஒவ்வொன்றாக முறிந்தன. டப்... டப். பச்சை மரம் பிளந்த வாடை சந்தெல்லாம் அடித்தது. வெளியே ஆள் நடமாட்டமே இல்லை.

ஹாஜி தாஹிரின் கூரைமேல் யதுல்லா நின்றான். கூரைப் பனியை அகன்ற மரத்துடுப்பால் வாரிச் சந்தில் தள்ளுவது அவன் தொழில். மண் கூரை, அடியில் பழைய உத்தரங்கள். தள்ளாமல் விட்டால் கூரை அப்படியே உட்கார்ந்துவிடும். அன்றைக்கு அது உட்காரவே கூடாது. கீழே ஹாஜியின் மருமகள், காய்ச்சலோடு, எழுந்திருக்க முடியாமல், ஏழு நாள் பிள்ளையை அணைத்துப் படுத்திருந்தாள்.

இந்தத் தொழிலுக்கு ஒரு முறை உண்டு. மேலே ஒருவன், சந்தில் ஒருவன். மேலே இருப்பவன் "கபர்தார்!" என்று கத்துவான். கீழே நிற்கிறவன் வழிப்போக்கர்களை நிறுத்தி, தானும் ஒதுங்கிக்கொண்டு "தள்ளு!" என்பான். அந்தச் சொல் வராமல் ஒரு பிடி பனி விழக் கூடாது. விளிம்பில் போய் எட்டிப் பார்க்கவும் முடியாது, வழுக்கினால் பனியோடு ஆளும் கீழேதான். காதை நம்பித்தான் பிழைப்பு.

மூன்று வருடத்துக்கு முன்பு வரை யதுல்லாவுக்குக் கீழே நின்றவன் ஸஃப்தர். வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் காலை டீக்கடையில், பத்துப் பேர் முன்னால், "நம்ம யதுல்லா பனியைத் தள்ளுறதில்லப்பா, தாலாட்டுறான்!" என்றான். கடையே சிரித்தது. யதுல்லாவும் சேர்ந்து சிரித்தான். அன்று மத்தியானம் அவன் "கபர்தார்" சொல்லவில்லை. வாரிக் குவித்ததை மொத்தமாகத் தள்ளினான்.

ஸஃப்தரின் உடலைத் தோண்டி எடுத்தபோது நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவனும் அவன்தான். "நான் கூப்பிட்டேன்! அவன்தான் தள்ளுன்னு சொன்னான்!" குர்ஆன்மேல் கை வைத்துச் சொன்னான், பாவி. ஊரும் நம்பியது. அபின் மயக்கத்தில் நின்றிருப்பான் என்று செத்தவன் தலையிலேயே பழியைக் கட்டியது. ஸஃப்தரின் மனைவி தூபா மட்டும் அழவில்லை. "என் வீட்டுக்காரருக்குப் பேச்சு நல்லா வரும். அவரே வந்து சொல்லிக்குவாரு" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் யதுல்லாவுக்குக் கீழே நிற்க எவனும் வரவில்லை. அவனுடைய ஒரே மகன் ரஹ்மத் மட்டும்தான் வந்தான். ரொட்டிக்கடை வேலை, முப்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள்.

"பாபா, சீக்கிரம் முடிங்க. கால்விரலெல்லாம் கழண்டுரும் போலிருக்கு."

"விழுந்தா பொறுக்கி வைடா. உங்கம்மா ஒட்டிக் குடுப்பா."

கபர்தார்... தள்ளு. கபர்தார்... தள்ளு. பத்துப் பன்னிரண்டு முறை ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஊர் முழுக்க மின்சாரம் போனது. காதில் பஞ்சு வைத்தாற்போல் ஓர் அமைதி.

"கபர்தார்!"

"தள்ளு..."

யதுல்லாவின் கை நின்றுவிட்டது. கரகரப்பான குரல்... கொஞ்சம் இழுவை... உள்ளே ஒரு சிரிப்பு. மூன்று வருடமாக அவன் மறக்கப் பார்த்த குரல்.

"ரஹ்மத்? டேய்... நீயாடா?"

பனி இறங்குகிற சத்தம் மட்டும்... உஸ்ஸ்...

காலடியில் உத்தரம் ஒன்று முனகியது. படிக்கட்டிலிருந்து ஹாஜி தாஹிர் அலறினார். "யதுல்லா! மரம் விரிசல் விடுது! பிள்ளை உள்ளே இருக்குய்யா, தள்ளித் தொலை!"

அவன் துடுப்பை இறுகப் பிடித்தான். தள்ளினால் மகன். தள்ளாவிட்டால் அந்தப் பச்சைப்பிள்ளை. தெரிந்த பிரார்த்தனையெல்லாம் பாதியில் மறந்துபோனது. கடைசியில் ஒரு யோசனை தோன்றியது.

"கபர்தார்! ரஹ்மத், உன் மூத்தவ பேரு என்னடா? சொன்னாத்தான் தள்ளுவேன்!"

துடுப்பைப் பனியில் ஊன்றிக் காதைத் தீட்டிக்கொண்டான்.

"மர்ஜான், பாபா. ஏன் இப்படிக் கேட்கிறீங்க? நான் ஒதுங்கிட்டேன்... தள்ளுங்க."

மகனின் குரலேதான். பற்கள் தந்தியடிக்கிற நடுக்கம்கூட அவனுடையது. யதுல்லா அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, மிச்சத்தையெல்லாம் உடம்பைக் கொடுத்துத் தள்ளினான். தொப்... சந்தே அதிர்ந்தது. கூரை நிமிர்ந்தது, உள்ளே பிள்ளை வீறிட்டது.

விழுந்த பனியை ஒவ்வொரு முறையும் ஓரமாக ஒதுக்கும் ரஹ்மத்தின் துடுப்புச் சத்தம் இந்த முறை கீழே கேட்கவில்லை.

விளக்குகளோடு அக்கம்பக்கம் ஓடி வந்து தோண்டியது. "நான் கூப்பிட்டேன்! பேரைக்கூடக் கேட்டேன்! அவன் சொன்னானே, தள்ளுன்னு சொன்னானே!" யதுல்லா ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கெஞ்சினான். ஒருவர்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு விலகினார்கள்.

ரஹ்மத் சுவரோரம் கிடந்தான். வாய் நிறையப் பனி. தானாக விழுந்த பனி இல்லை... பிடி பிடியாக, தொண்டைவரை, அழுத்தி அடைத்த பனி. இரண்டு கன்னங்களிலும் விரல்கள் பதிந்து கன்றியிருந்தன. அந்த வாயால் ஒரு முனகல்கூட வந்திருக்க முடியாது.

மறுநாள் ரஹ்மத்தின் மய்யித்தைக் குளிப்பாட்டியவர் அந்த வாயில் வெந்நீர் ஊற்றிப் பார்த்தார். மூன்று குடம்... ஆவி பறக்கப் பறக்க. அது உருகவில்லை. அப்படியேதான் அடக்கம் செய்தார்கள்.