நிலுவையில் ஒரு கருத்தும் இல்லை

காகிதக் கோப்புகள் எனக்கு ஆகாது. தூசு பட்டால் தொடர்ந்து பதினோரு முறை தும்முவேன். ஆகவே, எங்கள் பாலப் பராமரிப்புத் துறையில் கோப்புகளை ஒழித்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து இணையத்தில் எழுதும் பகிர்வு ஆவணத்தைக் கொண்டுவந்தபோது, அதை மனமார வரவேற்றவன் நான் ஒருவன்தான். விசாரணை அலுவலராகிய தாங்கள் இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். நடந்தவற்றுக்குத் தொழில்நுட்பத்தின் மீதான வெறுப்பு காரணமன்று.

ஆவணம் எளிமையானது. ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு வரிசை. வரிசையின் கடைசிக் கட்டம் பச்சையாக இருந்தால் பாலம் திறந்திருக்கும், சிவப்பானால் மூடப்படும். பாலத்துக் காவலாளி தம் கைபேசியில் நிறத்தைப் பார்த்துக் கதவைத் திறப்பார் அல்லது பூட்டுவார். துறையின் ஐந்து அலுவலகத்தாரும் ஒரே நேரத்தில் அதில் எழுதலாம். ஓரத்தில் கருத்துக் குறிப்புகள் இடலாம். தொடக்கத்தில் ஒருவர் ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுதுவார். அவர் முற்றுப்புள்ளி வைப்பதற்குள் இன்னொருவர் அதை ‘ஆவன செய்யப்படலாம்’ என்று திருத்துவார். மூன்றாமவர் ‘ஆவன செய்வது குறித்துப் பரிசீலிக்கப்படலாம்’ என்று நீட்டுவார். ஒரு முறை ஒரே வாக்கியத்துக்குள் ஏழு பேர் இருந்தோம். முன்பெல்லாம் ஒன்றும் செய்யாமலிருக்க எங்களுக்கு மூன்று மாதங்கள் பிடிக்கும். இப்போது அது ஒரு முற்பகலில் முடிந்தது.

என்னை அந்த ஆவணத்தின் உரிமையாளராக நியமித்தார்கள். நிறத்தை மாற்றும் அதிகாரம் எனக்கு மட்டுமே. வாழ்நாளெல்லாம் வாடகை வீட்டில் குடியிருப்பவனுக்கு ‘உரிமையாளர்’ என்ற சொல் இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வெள்ளிதோறும் தலைமையகம் ஒரு பட்டியல் வெளியிடும்: எந்த அலுவலகத்தில் எத்தனை கருத்துகள் தீர்க்கப்படாமல் கிடக்கின்றன என்று. எங்களுடையவை இருநூற்றுப் பதினான்கு. கடைசி இடம். உயரதிகாரி என்னைக் கூப்பிட்டு, “மானம் போகுதுய்யா” என்றார். வேறு அறிவுறுத்தல் எதுவும் தரவில்லை. நான் ஆவணத்தைக் கூர்ந்து நோக்கினேன். ஒவ்வொரு கருத்தின் தலையிலும் ஒரு சரிக்குறி இருந்தது. அதை அழுத்தினால் ‘தீர்ந்தது’ என்று காட்டிவிட்டுக் கருத்து மறைந்துவிடும். அந்தப் பொத்தானுக்குப் பெயர் வைத்தவன் நானல்லன். இரண்டு நாள்களில் எண்ணிக்கையைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். சட்டமிட்ட பாராட்டுச் சான்றிதழ் வந்தது.

வீட்டிலும் இதே முறையைப் புகுத்தினேன். ‘சமையலறைக் குழாய் ஒழுகுகிறது’ என்று மனைவி இட்ட குறிப்பைத் தீர்த்துவைத்த அன்று, அவள் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

“என்னங்க, குழாய் இன்னும் ஒழுகுது. லிஸ்ட்ல மட்டும் காணோம்?”

“லிஸ்ட்ல தீர்ந்துடுச்சு.”

“அப்ப அந்த லிஸ்ட்டுலயே பாத்திரத்தையும் கழுவிக்கோங்க.”

அவளுக்கு நிருவாகம் பிடிபடவில்லை. அதில் குற்றமில்லை.

இனி வாய்க்கால் நடைபாலத்துக்கு வருகிறேன். அதன் கள ஆய்வாளராக இருந்த பெண்ணை அலுவலகத்தில் ‘அளவுகோல்’ என்று அழைப்போம். எதையும் அளக்காமல் பேசமாட்டார். அவர் இட்ட முதல் குறிப்பு: ‘கிழக்குத் தூணில் விரிசல். நான்கு மில்லிமீட்டர். பாலத்தை மூட வேண்டும்.’ சரிக்குறி இட்டேன். அடுத்த வாரம்: ‘ஏழு மில்லிமீட்டர். படம் இணைத்துள்ளேன்.’ படத்தைப் பார்த்தேன். தெளிவான படம். சரிக்குறி இட்டேன். அவர் அதை மீண்டும் திறந்தார். நான் மீண்டும் தீர்த்தேன். ஒரே பிற்பகலில் ஆறு முறை. பிறகு அவரே நேரில் வந்தார்.

“சார், விரிசல் அப்படியே இருக்கு. கமெண்ட் மட்டும் எப்படி சார் தீர்ந்துச்சு?”

“உட்காரும்மா. நீ சிவப்பு போடச் சொல்ற. சிவப்பு போட்டா அஞ்சு ஆபீஸ்லேருந்தும் நம்ம கணக்குல தானா அஞ்சு கமெண்ட் விழும். நம்ம எண்ணிக்கை என்னாகும்?”

“அஞ்சாகும். ஆகட்டுமே சார்.”

“உனக்கென்னம்மா, வெயில்ல சுத்திட்டுப் போயிடுவ. பட்டியல்ல நிக்கிறது நான்.”

“சார், அதுல ஸ்கூல் பிள்ளைங்க நடக்குதுங்க.”

“நடக்கட்டுமே. ஓடக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கோம்ல.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்னையும் அளந்திருப்பார் என்று நினைக்கிறேன். அவர் போன பிறகு ஆவணத்தில் அவருடைய உரிமையைப் ‘பார்வை மட்டும்’ என்று மாற்றினேன். அந்த நிலையில் ஒருவர் எல்லாவற்றையும் பார்க்கலாம். எதையும் சொல்ல இயலாது. அரசுப் பணியில் பலர் அந்த நிலையிலேயே ஓய்வு பெறுகிறார்கள். தண்டனை என்று அதை எவரும் கருதியதில்லை.

சம்பவத்தன்று காலை பத்து மணிக்கு உயரதிகாரி எல்லா அலுவலகங்களின் எண்ணிக்கையையும் பெரிய திரையில் பார்வையிடுவதாக இருந்தது. எட்டு இருபதுக்குக் காவலாளி கைபேசியில் அழைத்தார்.

“சார், அளவுகோல் மேடம் வந்து பாலத்துக்குக் குறுக்க கயிறு கட்டுறாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

பின்னால், “குடுங்கண்ணே போனை” என்று ஆய்வாளரின் குரல் கேட்டது.

“சார், பன்னெண்டு மில்லிமீட்டர். ஒரே ஒரு தடவை சிவப்பு போடுங்க. அப்புறம் என்னை வேலையை விட்டே தூக்கிடுங்க.”

“பத்து மணிக்குத் திரையில பார்க்கிறாங்கம்மா. பத்தரைக்கு நிதானமாப் பேசுவோம். போனை அவர்கிட்ட குடு.” காவலாளியிடம் கேட்டேன்: “கலர் என்னப்பா?”

“பச்சைங்க சார்.”

“அப்புறமென்ன?”

அவர் கயிற்றை அவிழ்த்தார். விதிப்படி நடந்த அம்மனிதர்மேல் நடவடிக்கை வேண்டாம் என்று பரிந்துரைக்கிறேன். எட்டு ஐம்பதுக்குக் கிழக்குத் தூண் சரிந்தது. பதினான்கு பேர். அவர்களில் ஒன்பது பேர் பள்ளிச் சீருடையில் இருந்தார்கள். ஆய்வாளர் பாலத்தின் நடுவில் கைகளை விரித்து நின்று, வந்தவர்களைத் திருப்பியனுப்பிக்கொண்டிருந்தாராம். அவர் இல்லையென்றால் தொகை இன்னும் கூடியிருக்கும். நியாயத்தை முன்னிட்டு இதைப் பதிவுசெய்கிறேன். அவரும் அந்தப் பதினான்கில் ஒருவர்.

செய்தி வந்தவுடன் கட்டத்தைச் சிவப்பாக்கி, ‘பாலம் மூடப்பட்டது’ என்று எழுதினேன். அதைப் பொய்ப் பதிவு என்கிறீர்கள். அந்நேரம் அப்பாலத்தில் எவரும் நடந்திருக்க முடியாது. எனவே சொல் பிழையன்று. ஐந்து அலுவலகங்களிலிருந்தும் எங்கள் கணக்கில் ஐந்து கருத்துகள் விழுந்தன. அவற்றையும் தீர்த்துவைத்தேன். பத்து மணிக்குத் திரையில் எங்கள் எண்ணிக்கை சுழியமாகவே இருந்தது. யார், எப்போது, எதை அழுத்தினார் என்பதையெல்லாம் அந்த ஆவணம் தன்னுள்ளே சேமித்துவைக்கும் என்பதைத் தாங்கள் சொல்லித்தான் அறிந்தேன். நல்ல ஏற்பாடு. அதில் உள்ளவை அனைத்தும் என் கைகள் செய்தவையே.

நான் அவருடைய அளவை நம்பினேனா என்பதே தங்கள் கடைசிக் கேள்வி. நம்பினேன். அவர் ஒருநாளும் தவறாக அளந்தவரல்லர். என் மகளும் அக்கரைப் பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஏழு மில்லிமீட்டர் படத்தைப் பார்த்த மறுநாளிலிருந்து அவளை நடைபாலத்தில் விடவில்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி, பெரிய சாலை வழியாகத்தான் கொண்டுபோய் விட்டேன். “அஞ்சு நிமிஷத்துல நடந்து போற இடத்துக்கு அரைமணி நேரமா சுத்துவாங்க? உங்களுக்கு என்னங்க ஆச்சு?” என்று மனைவி கேட்டாள். காலைக் காற்று நல்லது என்று சொல்லிவைத்தேன். அந்த வழிமாற்றத்தைப் பதிவதற்கு ஆவணத்தில் கட்டம் எதுவும் இல்லை. எனினும், பிள்ளைகளின் பாதுகாப்பில் நான் அலட்சியமாக இருந்தேன் என்று எவரும் சொல்ல முடியாது.