கிளையில் காய்த்த ஏலக்காய்

தலைமை ஏற்றிருக்கும் ஏலக்காய் வணிகர் அழகுராஜா அவர்களே, கவிதைப் போட்டியின் நடுவர்களே, பெரியோர்களே, மலையிலிருந்து இறங்கிய களைப்போடு, கையில் காய்க்கறை காயாமல் வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்!

‘கணினியும் கற்பனையும்’ என்று தலைப்புக் கொடுத்தீர்கள். புகழச் சொன்னீர்கள். எனக்கு வாய் வரவில்லை, சந்தேகம்தான் வருகிறது.

போன வருடம் பரிசு வாங்கியவன் என்பதால் இந்தக் கோப்பையை நான் கொடுக்க வேண்டுமாம். எந்தக் கவிதைக்கு? ‘கிளையெட்டி ஏலம் பறிக்கும் கிளியே’ என்று தொடங்குகிற கவிதைக்கு! எழுதிய தம்பி ராஜ்கமலைக் கேட்டேன். மறைக்கவில்லை. “போன்ல ஏஐகிட்ட கேட்டேண்ணே, வெரசா குடுத்துருச்சு” என்றான்.

காலையில் மலையேறும் ஜீப்பில் அதைப் படித்துக் காட்டினேன். காய் பறிக்க வரும் செல்லத்தாய் அக்கா கேட்டார்: “ஏலக்கா எந்தூர்லப்பு கெளையில காய்க்குது? நாங்க என்ன ஏணி வச்சா பறிக்கிறோம்?”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! செடியின் தூரில், தரையில் படர்ந்த சரத்தில் காய்க்கிறது ஏலம். குனிந்து குனிந்து இடுப்பொடிந்தவளுக்குத் தெரியும். எந்திரத்துக்கு ஏது இடுப்பு? நடுவர்களே, உங்களுக்குமா தெரியவில்லை? மூட்டையில் மட்டுமே ஏலக்காயைப் பார்த்த கண்களா உங்களுடையவை?

அதே போட்டிக்கு அந்த அக்காவின் மகள் பானுப்பிரியாவும் எழுதினாள். ‘குந்தியிருக்கும் அம்மாவை அட்டைப்பூச்சி மட்டுமே அண்ணாந்து பார்க்கிறது’ என்று எழுதினாள். நடுவர் ஒருவர், “தோட்டத்துக்குப் போறவ மக இப்பிடி எழுதுவாளா? கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க” என்றாராம். போட்டார்கள். எந்திரம் எழுதியது என்றது எந்திரம். பெயரை அடித்தார்கள். பள்ளியிலே திருட்டுக் கவிதைக்காரி என்று கூப்பிடுகிறார்கள்.

ராஜ்கமலின் கவிதையைப் போட்டுப் பார்த்தீர்களா? இல்லை! ஏலக்காய்க் கடை முதலாளி மகன்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? ஏழை எழுதினால் களவு, இருப்பவன் இரவல் வாங்கினால் கவிதையா? முதலில் சந்தேகப்பட்டது மனிதன். கருவி தலையாட்டியது. இனி யார் யாருக்கெல்லாம் அது தலையாட்டும்? என் சந்தேகம் அங்கேதான்.

மணி அடிக்கிறீர்களா தலைவரே? அடியுங்கள், முடித்துவிடுகிறேன். கோப்பை மேசையிலேயே இருக்கட்டும். என் கை அதைத் தொடாது.

பானு, எழுந்து வா ஆத்தா. எழுதியது நீதான் என்று யாருக்கும் நிரூபிக்க வேண்டாம். முழுதாக வாசி, போதும்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்க முடியாதவர்களுக்கும் வணக்கம். ஒலிவாங்கியை அவள் உயரத்துக்கு இறக்கிவிட்டுப் போகிறேன்.