ஆறு பேர் ஏறலாம்

முதன்முதலாகப் படகு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இருக்கைத் துணியின் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அதைப் பெரிய தவறு என்று சொல்ல மாட்டேன், கார் வாங்கும்போதும் அப்படித்தானே செய்கிறோம். எங்கள் குடும்பத்தில் அப்படி ஆகிவிடக் கூடாது என்று மாமனார் பொறுப்பை என்னிடம் விட்டார். நான் லிஃப்ட் பரிசோதகன். ஒரு கூண்டில் எத்தனை பேர் ஏறலாம், கம்பி எவ்வளவு தாங்கும் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இருபத்திரண்டு வருடங்களில் நான் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் ஒன்றுகூட விழுந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கல்யாணமானதிலிருந்து மனைவியின் வீட்டில்தான் இருந்தேன். மாமனார், மாமியார், மச்சான், மச்சான் மனைவி, நாங்கள் இருவர். நல்ல மனிதர்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் ஆறு பேருக்கும் ஒரே குளியலறை. சோப்பில் எப்போதும் யாருடைய முடியாவது ஒட்டியிருக்கும். அதை நகத்தால் சுரண்டி எடுத்த பிறகுதான் நான் குளிக்க வேண்டும். மாமனார் சாப்பிட்டு முடித்ததும் பல்செட்டைக் கழற்றித் தம்ளர் தண்ணீரில் அலசுவார், பிறகு அந்தத் தண்ணீரையே குடித்துவிடுவார். மச்சான் தன் மனைவி தட்டில் மிஞ்சியதை வழித்துத் தின்பான். பிறகு என் மனைவியின் தட்டுக்கு வருவான். மாமியார் எந்தக் கையால் மூக்கைத் துடைத்தாரோ அதே கையால் எனக்குப் பரிமாறுவார். ஆறு வருடம் அதை விழுங்கினேன்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்கள் கூட்டம் சேர்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருவருக்கு வாயில் புண் என்றால் மற்றவர்கள் டார்ச் லைட்டோடு வந்துவிடுவார்கள். பிடுங்கிய பல்லைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பார்கள். என் முதுகில் ஒரு கட்டி வந்தபோது மாமியார் சட்டையைத் தூக்கிவிட்டு அமுக்கிப் பார்த்தார். "நல்லா பழுத்துடுச்சு மாப்பிள்ளை, நாளைக்கு உடைஞ்சிடும்" என்றார். ஐந்து பேருடைய மூச்சும் என் முதுகில் பட்டது. அந்த ஐந்து பேரில் என் மனைவியும் இருந்தாள். எனக்கு உண்மையில் வலித்தது அதுதான்.

தனி வீடு போகலாம் என்று அவளிடம் பலமுறை கேட்டேன். "எங்க வீட்டு ஆளுங்கள விட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டேங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சுபாவத்தில் சுத்தமானவள். பழக்க தோஷம்தான். அவர்களிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனால் ஒரே மாதத்தில் சரியாகிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

இதற்கு நடுவில்தான் மச்சானுக்குப் படகு ஆசை வந்தது. விடுமுறை நாளில் ஏரியில் மீன் பிடிக்க வேண்டும், சொந்தக்காரர்கள் வந்தால் ஏற்றிக்கொண்டு சுற்ற வேண்டும். குடும்பத்தோடு போய் மூன்று படகுகள் பார்த்தோம்.

முதல் படகு, இரண்டு நீள மிதவைகளின் மேல் தளம் போட்டது. கூரை உண்டு, சோபா போல இருக்கைகள் உண்டு. எல்லோரும் ஒரே பக்கம் நின்று குதித்தாலும் அசையாது. அவர்களுக்கு அது உடனே பிடித்துவிட்டது. "இதுல உக்காந்து தூண்டில் போட்டா மீனே சிரிக்கும்" என்றேன். மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. இரண்டாவது படகு பக்கச் சுவர் உயர்ந்தது, ஆழமானது. அத்தையின் முழங்கால் இதில் ஏற இடம் கொடுக்காது என்று எடுத்துச் சொன்னேன். இந்த வீட்டில் தன் முழங்காலை நினைத்துப் பார்க்கிற ஒரே ஆள் மாப்பிள்ளைதான் என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையால் என் கன்னத்தைத் தடவினார்.

மூன்றாவது, பழைய படகு. இன்ஜினைத் தொங்கவிடுவதற்காகப் பின்சுவரைத் தாழ வெட்டியிருந்தார்கள். அதில் அந்தப் படகின் அளவுக்கு மீறிய கனமான இன்ஜினை மாட்டியிருந்தார்கள். தரையைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே மிதப்பதற்காக அடைத்த நுரை தண்ணீர் குடித்து ஊறிப்போயிருந்தது. 'ஆறு பேர் ஏறலாம்' என்று பக்கத்தில் ஒரு தகடு. விற்பவர் எங்களை ஏரியில் ஒரு சுற்று அழைத்துப்போனார். போகிற போக்கில் பின்னால் உட்கார்ந்து தூண்டில் போட்டு, விரல் நீளத்தில் ஒரு மீனைத் தூக்கிக் காட்டினார். என்னைத் தவிர எல்லோரும் எழுந்து பின்னால் ஓடினார்கள். படகின் மூக்கு மேலே எழும்பியது. பின்சுவரைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்து அவர்கள் கணுக்காலை நனைத்தது. அவர்கள் சிரித்தார்கள். மீனின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லிஃப்ட்டில் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. படகில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதும் கணக்கு. அன்றுதான் அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

கரைக்கு வந்ததும் விற்பவர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "சார், சொல்லிடறேன். ஓடும்போது ஒண்ணுமில்ல. நிக்கும்போது பின்னால மூணு பேருக்கு மேல சேரவே கூடாது" என்றார். தலையை ஆட்டினேன். அவரை நீங்கள் விசாரிக்க வேண்டாம், அவர் யோக்கியமானவர். வீட்டில் நான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. மூன்றாவதுதான் நமக்குத் தோது என்றேன். சந்தோஷமாக வாங்கிவிட்டார்கள்.

எல்லோரும் படகில் கிளம்பிய அன்று காலை ஏரியில் காற்றே இல்லை. உயிர்காப்புச் சட்டைகள் ஆறும் இருந்தன. சட்டப்படி இருக்க வேண்டியவை எல்லாம் இருந்தன. என் மனைவிக்கு நானே மாட்டி, பட்டையை இழுத்து இறுக்கிவிட்டேன். எனக்கும் மாட்டிக்கொண்டேன். புழுக்கமாக இருக்கிறது என்று மற்றவர்கள் கழற்றினார்கள். நான் வற்புறுத்தவில்லை. கழற்றியவற்றை இருக்கைப் பெட்டிக்குள் மடித்து வைத்து, மூடியின் மேல் ஐஸ் பெட்டியைத் தூக்கி வைத்தேன்.

நடு ஏரியில் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார்கள். மச்சான் மனைவி மீனுக்கான தீனி மாவைப் பிசைந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தட்டில் வைத்தாள். அவர்கள் சாப்பிடும் சத்தம் தண்ணீரில் இன்னும் பெரிதாகக் கேட்டது. நான் பின்னால் போய் ஒரு தூண்டிலைப் போட்டேன். கொக்கியை இன்ஜினின் அடிப்பாகத்தில் மாட்டி நூலை இறுக்கினேன். கோல் வளைந்து நின்றது. பிறகு முன்னால் வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"பின்னால மீன் மாட்டியிருக்கு. பெருசு" என்றேன். சத்தம்கூடப் போடவில்லை.

நான்கு பேரும் தட்டைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். என் மனைவி கையை உதறினாள். நான் இறுக்கித்தான் பிடித்திருந்தேன். "விடுங்க, நானும் பாக்கணும்" என்று ஓடினாள். அதை நான் அவள் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கவிழ அதிக நேரம் ஆகவில்லை. நீச்சல் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. மாமியார் மட்டும் எப்படியோ என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். விரலெல்லாம் சாப்பாட்டுப் பிசுக்கு. வாயிலிருந்து வழிந்தது என் கழுத்தில் பட்டது. என்னைக் காப்பாற்று என்று அவர் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "அவளைப் புடிங்க மாப்பிள்ளை, அவளைப் புடிங்க" என்றார். சொன்னபடியே செய்தேன். அதற்கு முன்னால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் காலரிலிருந்து எடுத்துவிட்டேன். சுண்டுவிரல்தான் கடைசி.

ஆக, விபத்து என்று நான் முதலில் எழுதிக்கொடுத்தது பொய். நான்கு பேரையும் கொன்றது நான். படகைத் தேர்ந்தெடுத்த அன்றே முடிவு செய்துவிட்டேன். புது வீட்டின் சாவியை அதற்கு அடுத்த நாளே வாங்கிவிட்டேன். இரண்டு குளியலறை, நல்ல வெளிச்சம். அவள் இன்னும் பார்க்கவில்லை.

மாட்டியது என்ன மீன் என்று கேட்கச் சொல்லி அவள் உங்களை அனுப்பியிருப்பதாகச் சொல்கிறீர்கள். மீன் எதுவும் இல்லை என்று நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வாள். நேற்றிலிருந்து சவக்கிடங்கில் நான்கு பேரின் முகத்தையும் தடவித் தடவி உட்கார்ந்திருக்கிறாளாமே. இங்கே வரும்போது கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள்.